நிலமும் புதிரும்

விளையாட்டு என்னுஞ் சொல் தமிழில் இருவகைச் செயல்களைக் குறிக்கும். சிறுமியர் மணலில் வீடு கட்டிச் சோறு சமைத்தலும் விளையாட்டு. விதி வகுத்துக்கொண்டு இரு கட்சியார் வெற்றி நாடிப் பொருதலும் விளையாட்டு. முன்னையதிற் கற்பனை தலைமை பெறும். பின்னையதிற் போட்டி தலைமை பெறும். கணினியின் வரவோடு தோன்றிய வீடியோ விளையாட்டுகளிற் பெரும்பாலானவை பின்னைய வகையின. எனினும் அவற்றுள் ஒரு சிறு கிளை இவ்விரண்டினின்றும் வேறுபட்டு நிற்கின்றது. ஆங்கே பொருதற்குப் பகைவர் இலர்; விரைவுபடுத்தும் கால வரையறையும் இல்லை. அறியாத ஓரிடத்தில் ஒருவர் தனித்து விடப்படுகின்றார். அவ்விடத்தைக் கண்ணாற் கண்டு, செவியாற் கேட்டு, அதன் இயல்பை உணர்ந்தாலன்றி அவர் முன்செல்லுதல் இயலாது. தன்மை நோக்கில் அமைந்த சாகச விளையாட்டுகள் எனப்படுவன இவையே. இடத்தை ஆராய்தல், புதிரை அவிழ்த்தல், அவ்வுலகில் தோய்தல் என்னும் மூன்றும் இவற்றின் உறுப்புகள் எனக் கூறுவர். அம்மூன்றும் தம்முள் இயைந்து நிற்பனவா, ஒன்றையொன்று கெடுப்பனவா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது. 1993 இல் வெளிவந்த ‘மிஸ்ற்’, அதன் தொடர்ச்சியாக 1997 இல் வெளிவந்த ‘றிவன்’ ஆகிய இரண்டும் இவ்வாராய்ச்சிக்குச் சிறந்த களமாகும்.

இக்கிளையின் வேர் மெய்யான ஒரு குகையில் உள்ளது. 1970களின் நடுப்பகுதியில், கணினி வல்லுநரும் குகைகளை ஆராய்வதில் ஈடுபாடுடையவருமாகிய வில் குறோதர் என்னும் அமெரிக்கர், கென்ரக்கி மாநிலத்து மமத் குகைத்தொகுதியில் தாம் நன்கறிந்த பகுதியொன்றை அடிப்படையாகக் கொண்டு ‘அட்வென்சர்’ என்னும் விளையாட்டை இயற்றினார். 1977 இல் டொன் வூட்ஸ் என்பார் அதனை விரித்தமைத்தார். அதிற் படம் யாதுமில்லை, சொற்களே உண்டு. நீ இன்ன இடத்தில் நிற்கின்றாய், இன்ன திசையில் வழி உளது எனக் கணினி கூற, ஆடுபவர் ஓரிரு சொற்களால் ஏவல் இடுவார். இலக்கண மரபிற் சொல்வதாயின் அது முன்னிலைக் கூற்று. பின்னர்ப் படங்கள் புகுந்தன. சொற்கள் படிப்படியாகக் குறைந்தன. மிஸ்ற் தோன்றியபோது ‘நீ’ என விளிக்குங் குரல் முற்றாக மறைந்தது. காண்பவரின் கண்ணே காட்சியின் வாயிலாயிற்று. முன்னிலை தன்மையாக மாறியது.

மிஸ்ற்றை ஆக்கியோர் றான்ட் மில்லர், றொபின் மில்லர் என்னும் உடன்பிறந்தார். அமெரிக்காவின் வோஷிங்டன் மாநிலத்தில், சயன் என்னும் தமது சிறு நிறுவனத்தில் அவர்கள் இதனை இயற்றினர். மக்கின்ரொஷ் கணினியில் இயங்கிய ஹைப்பர்காட் என்னும் மென்பொருளே அவர்தம் கருவி. ஏறத்தாழ 2,500 நிலைப்படங்கள் அட்டைகளைப் போல் ஒன்றோடொன்று தொடுக்கப்பட்டன. படத்தின் ஒரு பகுதியைச் சுட்டினால், ஓரடி முன்சென்றாற்போல அடுத்த படம் தோன்றும். இத்துணை எளிய அமைப்புடைய இவ்விளையாட்டு 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட படிகள் விற்பனையாயிற்று. 2002 இல் ‘த சிம்ஸ்’ விஞ்சும்வரை கணினி விளையாட்டுகளுள் விற்பனையில் முதலிடம் இதற்கே உரியதாயிருந்தது. அதே 1993 ஆம் ஆண்டின் டிசம்பரில் வெளிவந்த ‘டூம்’ என்பதும் தன்மை நோக்கினதே. ஆயின் அதன் காட்சியின் அடியில் படைக்கலம் ஏந்திய கை எப்போதும் நிற்கும். டூம் ஆடுபவர் சுவரை நோக்குவது அதன் பின்னே பகைவன் மறைந்துள்ளானா என்றறிதற்கு; மிஸ்ற் ஆடுபவர் சுவரை நோக்குவது அச்சுவரையே அறிதற்கு.

மிஸ்ற் என்னுந் தீவிலே நூலகம் ஒன்று உண்டு. அதன் நூல்களுட் பல எரியுண்டு கிடக்கின்றன. சிவப்பும் நீலமுமாகிய இரு நூல்களுள் சிறஸ், அக்கெனார் என்னும் சகோதரர் இருவர் சிறைப்பட்டுள்ளனர். ஒவ்வொருவனும் தன்னூலின் இழந்த தாள்களைக் கொணருமாறு இரக்கின்றான். மற்றவனே குற்றவாளி எனக் கூறுகின்றான். அத்தாள்கள் நான்கு வேற்றுலகங்களிற் சிதறிக் கிடக்கின்றன. தாள்களைத் தேடிச் செல்பவர் அவ்வுலகங்களில் இருவரும் வாழ்ந்த அறைகளையுங் காண்கின்றார். ஒருவன் அறையிற் பேராசையும் ஆடம்பரமும் தெரிகின்றன. மற்றவன் அறையில் வதைக்கருவிகள் தெரிகின்றன. இருவர் சொல்லும் ஒருபுறம், அறைகளின் சான்று மறுபுறம். ஆடுபவர் தம்மை அறியாமலே நடுவர் இருக்கையில் அமர்த்தப்படுகின்றார். இருவருள் யார்க்கேனும் இறுதித் தாளைக் கொடுத்தால், கொடுத்தவரே அந்நூலுட் சிறைப்படுவார். சொல்லை நம்பிக் கண்டதை மறந்தமைக்கு அதுவே தண்டனை.

இவ்விளையாட்டின் தனிச்சிறப்பு ஒன்று உண்டு. ஏனைய சாகச விளையாட்டுகளில் திறவுகோல், கயிறு, விளக்கு முதலிய பொருள்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு முன்செல்லுதல் வழக்கம். மிஸ்ற்றில் கையில் ஏந்தத்தக்கது ஒரு தாள் மட்டுமே. வேறு உடைமை இல்லை. ஆடுபவர் ஈட்டும் பொருளெல்லாம் அறிவே. முடிவுக்கு இட்டுச்செல்லும் அடுப்பறையின் குறியீட்டை முன்னரே அறிந்த ஒருவர், சகோதரர்க்காக ஒரு தாளையுந் தேடாது, சில நிமிடங்களில் விளையாட்டை முடித்துவிடலாம். கதவு முதலிலிருந்தே பூட்டப்படாதது. பூட்டப்பட்டிருந்தது காண்பவரின் அறியாமையே. விற்பனைப் பெட்டியினுள் எழுதப்படாத குறிப்பேடு ஒன்றை வைத்து அனுப்பினமை இக்கருத்துக்கு மிகப் பொருத்தமானது.

ஆயின் அவ்வறிவு எத்தகையது என்னும் வினா எழுகின்றது. இங்கேதான் புதிர்களின் தரம் வேறுபடுகின்றது. சானல்வூட் என்னும் உலகில் நீர்மேல் நின்ற மரங்களிலே மக்கள் குடியிருந்தனர். காற்றாடி நீரை இறைக்க, அந்நீர் குழாய்வழி ஓடிப் பாலத்தையும் ஏறுபொறியையும் இயக்குகின்றது. குழாய் பிரியுமிடங்களில் வாய்களைத் திருப்பி நீரை வேண்டிய திசைக்குச் செலுத்துதலே புதிர். நீரோடும் ஒலியைச் செவிமடுத்துச் செல்பவர் வழி தவறார். இப்புதிர் அவ்வூரின் வாழ்க்கையே ஆகும். அதனை அவிழ்த்தவர் அங்கு வாழ்ந்தோர் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதை அறிந்தவராவார். செலினிற்றிக் என்னும் உலகிலோ நீர், நெருப்பு, பளிங்கு, கடிகாரம், காற்று என்னும் ஐந்தன் ஒலிகளைத் தேடியறியும் பகுதி இனிது. அதன்பின் வரும் நிலத்தடிச் சிக்கல்வழிப் பயணம் அத்தகையதன்று. எத்திசையிற் செல்ல வேண்டும் என்பதைச் சில ஒலிகள் உணர்த்துகின்றன. அவ்வொலிகளின் பொருளை வேறோர் உலகின் சுழலுங் கோட்டையிற் கேட்டறிந்திருத்தல் வேண்டும். அங்கு முன்னரே செல்லாதவர் குருடர்போல் துழாவ நேரும். அன்றியும், அச்சிக்கல்வழியை யார், எதன்பொருட்டு அகழ்ந்தனர் என்பதற்கு அவ்வுலகில் விடையில்லை. ஆடுபவரைத் தடுத்து நிறுத்தவேண்டும் என்னும் ஆக்கியோன் விருப்பமே அதற்குக் காரணம். பிற்காலச் சித்திரகவிகளுட் சிலவற்றில் எழுத்துகளைக் கட்டத்துள் அடக்கும் வித்தை நின்று பொருள் நலிவதுண்டு. அத்தகைய நலிவே இங்கும் நேர்ந்தது.

தொல்காப்பியர் அகப்பாட்டின் பொருளை முதல், கரு, உரி என மூன்றாக வகுத்தார். நிலமும் பொழுதும் முதல். அந்நிலத்திற் பிறந்து வழங்குவன கரு. அவற்றிடையே நிகழும் ஒழுக்கம் உரி. பாட்டின் சிறப்பு இம்மூன்றன் இயைபில் உள்ளது. இவ்விளையாட்டுகளுக்கும் இவ்வளவுகோல் பொருந்தும். புதிர் கருப்பொருளாய் நிலத்திலிருந்து முளைத்தல் வேண்டும். வெளியிலிருந்து கொணர்ந்து நட்ட புதிர் நிலத்தோடு ஒட்டாது. சானல்வூட்டின் குழாய் முளைத்த புதிர். செலினிற்றிக்கின் சிக்கல்வழி நட்ட புதிர்.

றிவன் இக்குறையை உணர்ந்து எழுந்த படைப்பு எனலாம். றொபின் மில்லரோடு றிச்சட் வண்டர் வென்ட் என்பாரும் சேர்ந்து இதனை வடிவமைத்தார். ஐந்து இறுவட்டுகளில் வெளிவந்த இதன் களமும் ஐந்து தீவுகளே. தன்னைக் கடவுளாகக் காட்டிக்கொண்ட கென் என்பவன் அத்தீவு மக்களை ஆள்கின்றான். ஊருக்குள் நுழைபவரைக் கண்டதும் மக்கள் ஒளிந்துகொள்வர். ஊரவர்க்காக அமைத்த பள்ளியறை ஒன்றில் ஒரு விளையாட்டுப்பொறி உள்ளது. அதனைச் சுழற்றினால் எண்ணுக்குறி ஒன்று தோன்றும். கயிற்றில் தொங்கும் சிறு பாவை அவ்வெண்ணின் அளவுக்குக் கீழிறங்கும். அடியில் வாய்திறந்த கடல்விலங்கு காத்திருக்கும். சிறார் எண் பயின்றது அப்பொறியினாலே. ஆடுபவரும் அச்சிறாரைப் போன்றே அங்கு எண் பயில்கின்றார். ஒன்று முதல் பத்துவரை பொறி காட்டும். எஞ்சியவற்றைக் குறிகளின் அமைப்பை ஆராய்ந்து தாமே உய்த்துணர வேண்டும். இருபத்தைந்தை அடியாகக் கொண்ட அவ்வெண்முறை பின்னர்ப் பல கதவுகளுக்குத் திறவுகோலாகின்றது.

இப்பகுதியின் ஆற்றல் ஆழ்ந்து நோக்கற்பாலது. முதலிற் பொறியைக் காண்பவர் வியக்கின்றார். எண்ணின் பொருள் விளங்கியதும் மகிழ்கின்றார். அடுத்த கணத்தில் மற்றொன்று விளங்குகின்றது: கீழ்ப்படியாதாரை விலங்குக்கு இரையாக்கும் ஆட்சியின் கொடுமையை, எண்ணும் எழுத்தும் கற்கும் பருவத்திலேயே பிள்ளைகளின் உள்ளத்திற் பதிக்கும் கருவி அது. கொடுங்கோலன் கற்பித்த கல்வியைத் தாமும் கற்று முடித்த பின்னரே அதன் நஞ்சு புலனாகின்றது. விளக்கவுரையாளர் எவரும் அதனை எடுத்துரைப்பதில்லை. ஆடுபவரின் விரல் சுழற்றிய பொறியே அதனை உணர்த்திவிடுகின்றது. கதை கூறும் நூலொன்று இக்கருத்தைச் சொல்லலாம். செய்யவைத்து உணர்த்துதல் இவ்வடிவத்துக்கே இயல்வது.

மருட்கை என்னும் மெய்ப்பாடு புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கன்வழி, அறிவு முற்றும் சென்றெட்டாதவிடத்துத் தோன்றும் என்பது தொல்காப்பியர் கொள்கை. இதனைக் கொண்டு நோக்கின் இவ்விளையாட்டுகளுள் அமைந்த உள்முரண் புலனாகும். ஆராய்தலின் இன்பம் மருட்கை. அதற்கு அறியாமை வேண்டும். புதிரின் இன்பம் தெளிவு; அது அறியாமையைப் போக்கும். ஆகவே புதிர் அவிழுந்தோறும் தீவின் மாயம் தேய்தல் வேண்டும். நட்ட புதிர்கள் உள்ளவிடத்து நிகழ்வதும் அதுவே. திறந்த பின் பூட்டை மறுமுறை நோக்குவார் இலர். முளைத்த புதிரிலோ, அவிழ்ந்தபின் அச்சமோ இரக்கமோ மருட்கையின் இடத்தை நிரப்புகின்றது. தோய்தல் கெடாது வளர்வது இதனாலாகும்.

காட்சி மெய்போலத் தோன்றுந்தோறும் தோய்தல் மிகும் எனக் கொள்வாரும் உளர். மிஸ்ற் 2020 இலும் றிவன் 2024 இலும் தடையின்றி நடந்து திரியத்தக்க புதிய வடிவங்களைப் பெற்றன. தலையில் அணியுங் கருவிவழி அவற்றினுட் புகவும் இயலும். அவற்றின் அழகு மறுக்கற்பாலதன்று. எனினும் அசையாத பழைய படங்களை வைத்துக்கொண்டே இலட்சக்கணக்கானோர் இரவுகள் பலவற்றை அத்தீவிற் கழித்தனர். காணப்படும் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு என்னும் நம்பிக்கையே அவர்களைத் தோயவைத்தது. 2016 இல் ஜொனதன் புளோ வெளியிட்ட ‘த விற்னஸ்’ என்பதும் இதற்குச் சான்று. அதிற் பலகைகளில் வரையும் கோட்டுப் புதிர்கள் முதலில் நட்டனவாகவே தோன்றும். அவற்றாற் பழகிய கண், பின்னொருநாள் அதே கோட்டை ஆற்றின் போக்கிலும் சுவரின் விளிம்பிலும் கண்டு திடுக்கிடும். பலகை அதுவரை கற்பித்தது நிலத்தைக் காணும் முறையையே.

றிவனிலும் குறைகள் உள. திறந்த கதவை உட்புறமிருந்து மூடிப் பார்த்தாலன்றிப் புலனாகாத வழியை அமைத்தமை நேர்மையான மறைப்பன்று. தீவுகள்தோறும் அலைந்து நிறங்களையும் இடங்களையும் பொருத்தும் இறுதிப் பெரும்புதிரில், விளக்கொன்று பழுதுற்றிருப்பதால் ஒரு நிறத்தை நேரே காணவும் இயலாது. இத்தகைய இடங்களிற் சலித்தோர் விடைநூல்களை நாடினர். அவரைக் குறை கூறுதல் எளிது. ஆயின் நம்பிக்கையை முதலில் முறித்தது படைப்பே. ஆயினும் விடைநூலைக் கொண்டு முடித்தவர் கதவுகளைத் திறந்தாரேயன்றித் தீவைக் கண்டாரல்லர். பள்ளியறைப் பொறியின் எண்களை அச்சிட்ட தாளிற் கண்டவர்க்கு அவை வெறும் எண்களே. தேர்வின் பொருட்டு வினாவிடைத் தொகுதியை மனனஞ் செய்த மாணவன் நூலின் சுவையை இழத்தல் போன்றது இது.

மிஸ்ற்றின் முடிவிற் பரிசு யாதும் இல்லை. உண்மையை உணர்ந்து தந்தையாகிய அத்ரஸுக்கு உரிய தாளைக் கொடுத்தவர்க்கு அவர் நன்றி கூறுவார். தீவில் விரும்பியவாறு திரியலாம் என்பார். நூலகத்துக்கு மீள்பவர் சகோதரர் நூல்கள் இருந்தவிடத்தே கரிந்த தழும்பைக் காண்பார். அதன்பின் அவிழ்த்தற்குப் புதிர் இல்லை; தீவு மட்டும் உண்டு. அப்போதும் ஒருவர் துறைமுகப் படிகளில் நின்று கடலோசையைக் கேட்கத் தலைப்பட்டால், அப்படைப்பு வென்றதாகக் கொள்ளலாம்.