மூன்று படை, ஒரே சட்டை

'எதுக்கு சார் மூணு படை? மூணு தளபதி, மூணு யூனிஃபார்ம், மூணு பேண்டு வாத்தியம். எல்லாத்தையும் ஒண்ணாக்கிட்டா செலவு மிச்சமாகுமே!'

பட்ஜெட் சமயத்தில் ராணுவ ஒதுக்கீட்டுக்குப் பின்னால் இருக்கும் பூஜ்யங்களை எண்ணிப் பார்த்துவிட்டு நீங்களும் இப்படி நினைத்திருக்கலாம். அசட்டு யோசனை என்று ஒதுக்க வேண்டாம். ஒரு தேசம் இதை நிஜமாகவே செய்து பார்த்திருக்கிறது. கனடா.

1963-ல் அங்கே பாதுகாப்பு அமைச்சராக வந்தவர் பால் ஹெல்யர். ஆளெடுப்பு, சம்பளப் பட்டுவாடா, மருத்துவம், சரக்கு என்று ஒவ்வொன்றுக்கும் மூன்று மூன்று இலாகா இருப்பதைப் பார்த்தார். இதையெல்லாம் ஒன்றாக்கி, மிச்சமாகும் பணத்தில் புதிய தளவாடம் வாங்கலாம் என்று கணக்குப் போட்டார். இதுவரை சரி. மனுஷர் அதோடு நின்றிருக்கலாம். படைகளையே ஒன்றாக்கிவிட்டார். 1968 பிப்ரவரி 1-ம் தேதி கனடாவின் தரைப்படை, கடற்படை, விமானப் படை மூன்றும் சட்டப்படி மறைந்து, ஒரே 'கனடியப் படை' பிறந்தது. மாலுமிக்கும் விமானிக்கும் சிப்பாய்க்கும் ஒரே பச்சை உடுப்பு.

பதவிப் பெயரிலும் கைவைத்தார்கள். தரைப்படையில் கேப்டன் என்றால் சின்ன அதிகாரி. கடற்படையில் கேப்டன் என்றால் பெரிய கப்பலையே கட்டி ஆள்கிறவர், கர்னலுக்குச் சமம். கப்பல்காரர்களைக் கர்னல், மேஜர் என்று கூப்பிடும் ஏற்பாடு வந்தது. நிலைக்கவில்லை. முன்னதாக 1966-ல், இந்த இணைப்பை வெளிப்படையாக எதிர்த்த ரியர் அட்மிரல் லேண்டிமோர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். இன்னும் பல மூத்த அதிகாரிகள் தாங்களாகவே மூட்டை கட்டினார்கள்.

அப்புறம்? 1985-ல் தனித்தனி உடுப்பு திரும்ப வந்தது. 2011-ல் ராயல் கனடியக் கடற்படை, ராயல் கனடிய விமானப் படை என்ற பழைய பெயர்களும் திரும்பின. 43 வருஷம் சுற்றி வந்து புறப்பட்ட இடத்துக்கே வந்தார்கள் என்று சிரிக்கலாம். ஆனால் முழுசாகச் சிரிக்க முடியாது. சட்டத்தின் கண்ணில் அது இன்றும் ஒரே படைதான். பொது ஆளெடுப்பு, பொதுச் சம்பளம், பொதுச் சரக்கு எல்லாம் நிலைத்துவிட்டன. போனது சட்டை மட்டும்தான்.

இனி எதிர்ப்பக்கம். ஒன்றாக இல்லாவிட்டால் என்ன ஆகும்? 1980 ஏப்ரலில் தெஹ்ரானில் பணயமாக இருந்த அமெரிக்கர்களை மீட்க ஒரு கூட்டு முயற்சி நடந்தது. ஹெலிகாப்டர்கள் கடற்படையுடையவை, ஓட்டியவர்கள் பெரும்பாலும் மரீன்கள், சரக்கு விமானங்கள் விமானப் படையுடையவை, மீட்க வேண்டிய கமாண்டோக்கள் தரைப்படை. எல்லாரும் ஒன்றுசேர்ந்து முழு ஒத்திகைகூடப் பார்க்கவில்லை. கிளம்பிய எட்டு ஹெலிகாப்டர்களில் வேலைக்கு மிஞ்சியது ஐந்து. தேவை ஆறு. சரி, திரும்பலாம் என்று புறப்படுகையில் இருட்டில் ஒரு ஹெலிகாப்டர் சரக்கு விமானத்தின் மேல் மோதி, எட்டுப் பேர் இரானியப் பாலைவனத்திலேயே இறந்தார்கள். எதிரி ஒரு குண்டுகூடச் சுடவில்லை.

1986-ல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. யாருடைய சட்டையையும் கழற்றவில்லை. ஒவ்வொரு பிராந்தியத்துக்கும் ஒரே தளபதி. அங்கே போரிடும் எல்லாப் படையும் அவர் சொல்படி. படைத் தலைவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் தளவாடம் வாங்குவதும்தான் வேலை. இன்னொரு சூட்சுமம்: மற்றப் படைகளோடு சேர்ந்து பணியாற்றாதவர் பொதுவாக ஜெனரலாகவோ அட்மிரலாகவோ ஆக முடியாது. பிரமோஷனில் கைவைத்தால் ஒற்றுமை தானாக வருகிறது!

நம் கதைக்கு வருவோம். 1999-ல் கார்கிலில் ஊடுருவல் தெரிந்தது மே மாத ஆரம்பத்தில். தரைப்படை ஹெலிகாப்டர் உதவி கேட்டது. அவ்வளவு உயரத்தில் சரிப்படாது, அரசாங்க அனுமதியும் வேண்டும் என்றது விமானப் படை. வான் தாக்குதல் தொடங்கியது மே 26. அதுவரை சிகரங்களை நோக்கி ஏறிய ஜவான்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

2020 ஜனவரியில் முதல் முப்படைத் தலைமைத் தளபதியாக பிபின் ராவத் பொறுப்பேற்றபோது நம்மிடம் தனித்தனிப் படைகளின் கமாண்டுகள் மட்டும் 17. தென்னிந்தியாவையே பாருங்கள். தரைப்படையின் தெற்குக் கமாண்ட் புனேயில், கடற்படைக்குக் கொச்சியில், விமானப் படைக்குத் திருவனந்தபுரத்தில். சீன எல்லையில் நமக்குத் தரைப்படைக்கு ஒரு தலைமையகம், விமானப் படைக்கு வேறொன்று என்று பல. அவர்களோ 2016-லேயே இந்திய எல்லை முழுவதையும் ஒரே தளபதியிடம் கொடுத்துவிட்டார்கள்.

விமானப் படையின் தயக்கத்திலும் நியாயம் உண்டு. இருக்கிற போர் விமானங்களே அனுமதிக்கப்பட்ட 42 ஸ்குவாட்ரனுக்கு மிகவும் குறைவு. அதையும் பாகம் பிரித்து ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தால் மேற்கே சண்டை வரும்போது கிழக்கே விமானம் சும்மா நிற்கும். ஆகவே பாகப்பிரிவினை வேண்டாம். தேவைப்பட்ட இடத்துக்கு அனுப்பும் உரிமை மேலே இருக்கட்டும். ஆனால் களத்தில் போனபின் உத்தரவு ஒருவருடையதாக இருக்க வேண்டும்.

கல்யாண வீட்டில் சமையல்காரருக்கும் நாதஸ்வரக்காரருக்கும் ஒரே சட்டை மாட்டிவிட்டால் முகூர்த்தம் நடந்துவிடுமா? அவரவர் தொழிலை அவரவர் செய்யட்டும். 'கெட்டி மேளம்' என்று விரலை ஆட்டுகிறவர் மட்டும் ஒருத்தராக இருக்க வேண்டும். இரண்டு மாமாக்கள் ஆட்டினால் தாலி தவறான நேரத்தில் ஏறும்.

அந்தமானில் 2001-லேயே மூன்று படைக்கும் ஒரே தளபதி வைத்தோம். ஆனால் வேறு படைக்காரர் தப்பு செய்தால் தண்டிக்கும் அதிகாரத்தை அவருக்குத் தரும் சட்டம் வந்தது 2023-ல். உத்தரவு போட ஒருவர், தண்டிக்க வேறொருவர் என்று இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டியிருக்கிறோம்.

வேடிக்கை என்னவென்றால், ஒன்றாக வளர்ப்பதில் நாம் முன்னோடி. புனே அருகே கடக்வாஸ்லாவில் மூன்று படைக்கும் வரும் பையன்களை 1950-களிலிருந்தே சேர்த்துப் பயிற்றுவிக்கிறோம். நடு வயதில் நம் ஊர் வெலிங்டன் கல்லூரியில் மறுபடி ஒரே வகுப்பில் உட்காருகிறார்கள். 2021 டிசம்பர் 8-ம் தேதி அந்த அதிகாரிகளிடம் பேசத்தான் ராவத் வந்துகொண்டிருந்தார். குன்னூர் அருகே ஹெலிகாப்டர் விழுந்தது. அவர் நாற்காலி ஒன்பது மாதத்துக்கு மேல் காலியாகவே கிடந்தது.

ஒருவர் இல்லாவிட்டால் அப்படியே நின்றுவிடுகிற ஒற்றுமை, ஒற்றுமை அல்ல. சட்டை மூன்றாகவே இருக்கட்டும். அடுத்த கார்கிலில் மேலே ஏறுகிற பையனுக்கு, உதவி யாரிடம் கேட்பது என்பது மட்டும் முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும்.