கூட்டிய நிறம், விடுபட்ட தேதி

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் இன்னும் மிச்சமிருக்கும் ஓட்டு வீடுகளில், தறிக்குப் பக்கத்துத் தரையில் வெயில் வட்ட வட்டமாக விழுந்து கிடக்கும். ஓட்டுச் சந்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். தரையில் விழுவது மட்டும் வட்டம், வெயில் சாய்ந்தால் முட்டை வடிவம். விழுந்திருப்பது சூரியனின் பிம்பம். சந்திலிருந்து தரைவரை கதிர் வரும் தூரத்தை 108ஆல் வகுத்தால் வட்டத்தின் அகலம் வந்துவிடும். பன்னிரண்டு அடி என்றால் மூன்றரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 2019 டிசம்பர் 26 காலையில் கோவை, கரூர், திண்டுக்கல் பக்கம் கங்கண கிரகணம் தெரிந்தபோது காஞ்சியில் பாதிக்கு மேல் மறைந்த சூரியன்தான் கிடைத்தது. அன்று இதுபோன்ற சந்துகளின் வழியே விழுந்த வட்டங்கள் அத்தனையும் பிறையாக மாறியிருக்கும். அதைக் குனிந்து கைபேசியில் படம் எடுத்திருந்தால் அதுவும் சூரியப் படம்தான். செலவில்லை, கண்ணுக்கு ஆபத்தில்லை.

சூரியனைப் படம் எடுக்கும் பழக்கத்தைப் பற்றி எனக்கு இரண்டு மனம் இருப்பதற்குக் காரணம் இந்தத் தரைப் படம்தான். வானியலில் புதிதாக நுழைபவருக்கு இதைவிட எளிதாகத் திறக்கும் கதவு வேறில்லை. ஆனால் உள்ளே நுழைந்த கொஞ்ச நாளில், எடுப்பதைவிடக் கணினியில் ‘பாலிஷ்’ போடுவதுதான் வேலை என்றாகிவிடுகிறது. படம் அழகாகிக்கொண்டே போகும். அதில் சூரியன் குறைந்துகொண்டே வரும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். இரவு வானத்தைப் படம் எடுக்க நினைக்கும் காஞ்சிக்காரருக்கு ஊரில் இடமில்லை. கோயில் விளக்கும் கடைத்தெரு விளக்கும் போதாதென்று ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளின் வெளிச்சம் கிழக்கு வானத்தை வெளுக்க வைத்திருக்கிறது. வைணு பாப்பு ஆய்வகம் இருக்கும் காவலூர்ப் பக்கம், ஜவ்வாது மலைக்குப் போக வேண்டும். அதற்கு வண்டியும் விடுமுறையும் வேண்டும். சூரியனுக்கு இது எதுவும் வேண்டாம். மொட்டை மாடி போதும், பள்ளிக்கூட மைதானம் போதும். நெசவு வீட்டுப் பிள்ளை காலையில் படம் எடுத்துவிட்டு வகுப்புக்குப் போய்விடலாம்.

கருவியும் பெரிதல்ல. வானியல் கடைகளில் விற்கும் சூரிய வடிகட்டித் தாள், ஒளியில் லட்சத்தில் ஒரு பங்கை மட்டும் உள்ளே விடும் வகை, சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. அதை லென்ஸின் முகப்பில் மாட்ட வேண்டும், கண் வைக்கும் பக்கம் ஒருபோதும் கூடாது. குவிந்த வெயிலில் பின்பக்கக் கண்ணாடி பட்டென்று விரிசல் விடும். விழித்திரை வெந்துபோகும்போது வலிக்காது என்பதால், நடந்தது பிறகுதான் தெரியும். எக்ஸ்ரே பிலிம், புகை பிடித்த கண்ணாடி, பழைய சி.டி. ஆகியவற்றைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். தொலைநோக்கியோடு ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன வழிகாட்டிக் குழாயையும் மூடியிருக்கிறோமா என்று பார்க்கப் பலரும் மறந்துவிடுகிறார்கள். கிரகண காலங்களில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் போன்ற அமைப்புகள் ஊர் ஊராகக் கண்ணாடி கொடுத்து இதைச் சொல்லிவந்திருக்கின்றன. கிரகணமில்லாத நாளில் சொல்ல ஆளில்லை. சூரியன் எல்லா நாளும் ஒன்றுதான்.

கைபேசியை நம்புகிறவர்கள் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்வது நல்லது. அதன் சாதாரண லென்ஸின் குவியதூரம் ஐந்தாறு மில்லிமீட்டர். 108ஆல் வகுத்தால் சூரியன் உணரியில் ஐம்பது, அறுபது புள்ளி அகலம்தான் வரும். அதற்குமேல் எவ்வளவு பெரிதாக்கினாலும் வெறும் மாவு. 300 மி.மீ. லென்ஸ் போட்ட கேமராவில் அதே சூரியன் மூன்று மி.மீ.க்குச் சற்றுக் குறைவான வட்டமாக, எழுநூறு புள்ளி அகலத்தில் விழும். கரும்புள்ளி தெரிய இது தாராளம். ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8, ஐந்நூறில் ஒன்றோ ஆயிரத்தில் ஒன்றோ நொடி. குவியத்தைக் கையால் விளிம்பில் வைத்து, டைமரில் எடுக்க வேண்டும். இவ்வளவுதான் பாடம்.

இந்த ஊரில் சூரியப் படம் என்றால் பெரும்பாலும் கோபுரப் படம். ஏகாம்பரநாதர் ராஜகோபுரத்துக்குப் பின்னால் அண்டா அளவுச் சூரியன் நிற்கும் படங்கள் கைபேசி கைபேசியாகச் சுற்றுகின்றன. 1509இல் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய அந்தக் கோபுரத்தின் உயரம் ஏறத்தாழ 190 அடி. ஒரு கிலோமீட்டர் தள்ளி நின்று எடுத்தால் சூரியன் அதில் ஆறில் ஒரு பங்குதான் இருக்கும். கோபுரமும் சூரியனும் சம உயரம் என்று காட்ட வேண்டுமானால் ஆறு கிலோமீட்டருக்கு மேல் போய் நிற்க வேண்டும். அவ்வளவு தொலைவிலிருந்து எடுத்த படத்தில் தெருக் கடையின் பலகை படிக்கக்கூடியதாக முன்னால் நிற்காது. நின்றால் அது ஒட்டுப் படம். இன்னும் இரண்டு சாட்சிகள் உண்டு. அடிவானத்தில் காற்று கதிரை வளைப்பதால் உண்மையான உதயச் சூரியன் மேலும் கீழும் கொஞ்சம் நசுங்கியிருக்கும். ஒட்டிய சூரியன் காம்பஸ் வைத்து வரைந்த வட்டமாக இருக்கும். சூரியன் பின்னால் இருக்கும்போது கோபுரத்தின் முகப்புச் சுதைகள் பளிச்சென்று தெரியவும் வாய்ப்பில்லை. தை மாதம் தென்கிழக்கிலும் ஆனி மாதம் வடகிழக்கிலும் உதிக்கும் சூரியனை ஒரு குறிப்பிட்ட கோபுரத்தின் உச்சியில் பிடிக்க, நாளையும் நிற்கும் இடத்தையும் முன்கூட்டியே கணக்கிட்டு, வயல் வரப்பில் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஒட்டுப் படம் அவர்கள் உழைப்பைத்தான் முதலில் மலிவாக்குகிறது.

வெயில் ஊரில் சூரியப் படத்துக்கு எப்போதும் நல்ல நேரம் என்று நினைப்பது தவறு. பத்து மணிக்கு மேல் தளமும் தார்ச்சாலையும் கக்கும் சூட்டில் காற்று அலையடிக்க ஆரம்பித்துவிடும்; சூரிய விளிம்பு கொதிக்கும் எண்ணெய் போலத் துடிக்கும். நெசவாளர்கள் தெருவில் பாவு நூலை நீட்டிப் பிடித்து வேலை செய்யும் அந்த விடியல் வேளைக்குப் பிறகு, ஏழரையிலிருந்து ஒன்பதுக்குள் எடுத்தால் நல்லது. உதயப்பூர் சூரிய ஆய்வகத்தை ஃபதேசாகர் ஏரியின் நடுவே ஒரு தீவில் அமைத்ததற்குக் காரணம் இதுவே: நீர்ப்பரப்பு நிலத்தைப் போலச் சீக்கிரம் சூடேறாது, அதன் மேல் காற்று அடங்கி நிற்கும். காஞ்சியைச் சுற்றித் தாமல், தென்னேரி என்று பெரிய ஏரிகள் இருக்கின்றன. தண்ணீர் நிற்கும் மாதங்களில் ஏரியைக் கிழக்கே வைத்து மேலைக் கரையில் முக்காலியை ஊன்றிப் பார்க்கலாம். உச்சி வேளையை விட்டுவிட இன்னொரு காரணமும் உண்டு. ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 ஒட்டிய நாட்களில் சூரியன் இங்கே நேர் தலைக்கு மேல் வந்துவிடும். முக்காலியில் கேமராவை அந்தக் கோணத்துக்குத் திருப்புவதற்குள் கழுத்து போய்விடும்.

இனிக் கணினியில் பதனிடுதல். தொடக்கநிலையாளர்கள் இப்போது ஒற்றைப் படம் எடுப்பதில்லை. நூற்றுக்கணக்கான சட்டங்கள் கொண்ட வீடியோ எடுத்து, ஆட்டோஸ்டாக்கர்ட் போன்ற மென்பொருளில் போட்டு, காற்று அடங்கியிருந்த கணத்தில் விழுந்த பத்து, இருபது சதவீதச் சட்டங்களை மட்டும் பொறுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். இதை ஏமாற்று என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அடுக்குவதால் உணரியின் இரைச்சல் குறையும், காற்றின் நடுக்கம் குறையும். இல்லாத எதுவும் உள்ளே வராது. லென்ஸ் தூசியைக் கரும்புள்ளி என்று நம்பிவிடும் ஆபத்துக்கும் இங்கே மருந்து உண்டு: சட்டத்துக்குள் சூரியனை இடம் மாற்றி எடுத்தால், புள்ளி சூரியனோடு நகர்கிறதா, சட்டத்தோடு நிற்கிறதா என்று தெரிந்துவிடும்.

கோளாறு அடுத்த படியில், கூர்மை கூட்டும் இடத்தில். சூரியப் பரப்பில் பொங்கி அடங்கும் குருணைகள் சராசரியாக ஆயிரம் கிலோமீட்டர் அகலம். ஆறு சென்டிமீட்டர் வாய் உள்ள தொலைநோக்கி, காற்றே இல்லாவிட்டாலும், சூரியனில் சுமார் 1,400 கிலோமீட்டருக்குக் குறைந்த எதையும் பிரித்துக் காட்டாது. பகல் காற்றோடு சேர்த்தால் நிலைமை இன்னும் மோசம். அப்படியிருக்க, சின்னத் தொலைநோக்கிப் படத்தில் பரப்பு முழுக்கப் புழு நெளிவதுபோல் குருணைகள் தெரிந்தால், அவற்றில் பெரும்பகுதி கூர்மைப் பொத்தான் பெற்றவை. மென்பொருள் இரைச்சலை எடுத்து விளிம்பு கட்டிக் கொடுத்திருக்கிறது. சோதிக்க வழி உண்டு. இரண்டு நிமிட இடைவெளியில் இரண்டு வீடியோ எடுத்து, ஒன்றை மற்றொன்றோடு கலக்காமல் ஒரே அளவில் பதனிட வேண்டும். ஒரு குருணை எட்டு, பத்து நிமிடம் உயிரோடு இருக்கும். அதனால் இரண்டு படத்திலும் ஒரே இடத்தில் இருப்பது சூரியனுடையது, ஒன்றில் மட்டும் இருப்பது சந்தேகத்துக்குரியது. பதனிடக் கற்றுத்தரும் பாடங்களில் இந்தச் சோதனைக்கு முதல் இடம் கொடுத்திருக்க வேண்டும். கொடுப்பவர்கள் குறைவு. எல்லாப் பாடமும் ‘ஸ்லைடரை இன்னும் கொஞ்சம் நகர்த்துங்கள்’ என்பதிலேயே முடிகிறது.

நிறத்தைப் பற்றிய சண்டை தேவைக்கு மேல் பெரிதாகிவிட்டது. வடிகட்டித் தாள் வழியே வரும் சூரியன் பெரும்பாலும் வெள்ளை, இல்லாவிட்டால் லேசான நீலம். அதை ஆரஞ்சாக்குவது பழக்கம். ஆதித்யா எல்-1 விண்கலத்தின் சூட் கருவி 2023 டிசம்பரில் வெளியான முதல் முழுச் சூரியப் படங்களை எடுத்தது 200 முதல் 400 நானோமீட்டர் அலைநீளத்தில், 11 வடிகட்டிகளைக் கொண்டு. அதில் பெரும்பகுதி நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா. அங்கே நிறம் கொடுக்காமல் வேறு வழியில்லை. எந்த அலைநீளம் என்று பக்கத்தில் எழுதியும் இருக்கிறது. காஞ்சியில் சேலை வாங்குபவர் அசல் ஜரிகையா, டெஸ்டட் ஜரிகையா என்று கேட்டுத்தான் விலை பேசுகிறார். இரண்டும் விற்கின்றன, ஒன்றை மற்றொன்றாகச் சொல்லி விற்பதுதான் தகராறு. படத்தின் கீழே ‘நிறம் கூட்டியது’ என்று இரண்டு வார்த்தை எழுதினால் ஆரஞ்சு எனக்குப் பொருட்டில்லை.

நிறத்தைக் கூட்டுபவர்கள் எழுத மறப்பது தேதியை. என் பெரிய குறை இதுதான். கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தைப் பாருங்கள். 1899இல் தொடங்கிய அந்த ஆய்வகத்தில் 1904இலிருந்து சூரியனை நாள்தோறும் கண்ணாடித் தட்டுகளில் பிடித்து வந்தார்கள். வெள்ளொளிப் படங்களுக்குப் பயன்பட்டது வெறும் 15 செ.மீ. வாய் உள்ள பழைய தொலைநோக்கி. இன்றைய ஆர்வலர் ஒருவர் வாங்கக்கூடிய அளவுதான். அதே வளாகத்தில்தான் 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட், கரும்புள்ளியின் புறநிழலில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை நிறமாலையில் கண்டுபிடித்தார். அந்தத் தட்டுகளில் பலவற்றில் மேகம் உண்டு, கீறல் உண்டு. இன்றைய போட்டிகளில் ஒன்றுகூடத் தேறாது. ஆனாலும் இந்திய வான் இயற்பியல் மையம் அவற்றை மின்னணு வடிவாக்கிப் பொதுவில் வைத்திருக்கிறது; நூறாண்டுக் கரும்புள்ளிகளின் நகர்வையும் பரப்பையும் அளக்க ஆய்வாளர்கள் அவற்றைத்தான் தேடிப் போகிறார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் தேதியும் நேரமும் உண்டு. வடக்கு எது என்று தெரியும். பெரும்பாலும் ஒரே கருவி, ஒரே முறை.

அதோடு ஒப்பிட்டால் நம் ஆர்வலரின் படத்தில் வடக்கு எது என்று தெரியாது. அழகுக்காகத் திருப்பியிருப்பார், சில நேரம் இடம் வலமாக மாற்றியிருப்பார். நேரம் கோப்பின் அடியில் இருந்தது, பகிரும்போது அழிந்தது. பூமியிலிருந்து பார்க்கையில் சூரியன் ஒருமுறை சுழல ஏறத்தாழ 27 நாள். ஒரு விளிம்பில் எழும் புள்ளி மறு விளிம்பில் மறைய இரண்டு வாரத்துக்குச் சற்றுக் குறைவு. அந்தப் பயணத்தை, சுமாரான படங்களாக இருந்தாலும், நாளொன்றுக்கு ஒன்று என்று தேதியோடு வரிசை வைத்த பள்ளி மாணவர் சூரியனின் சுழற்சியைத் தானே அளந்துவிடுவார். ஒரே ஒரு பிரமாதமான படம் அதைத் தராது.

விண்கலங்கள் நிமிடத்துக்கு நிமிடம் படம் அனுப்பும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி, அறிவியலுக்கு இவற்றால் பெரிய லாபமில்லை என்று ஒத்துக்கொள்ளலாம். விதிவிலக்கு ஒன்று உண்டு, அதுவும் அழகுப் படங்களுக்குச் சாதகமானதல்ல. பெல்ஜியத்தில் உலகக் கரும்புள்ளி எண்ணிக்கையைத் தொகுக்கும் மையம் இன்றும் ஆர்வலர்களின் கணக்கை வாங்கிக்கொள்கிறது. அவர்கள் அனுப்புவது கண்ணால் எண்ணிய எண்.

ஹைட்ரஜன் ஆல்ஃபா தொலைநோக்கி வாங்கலாமா என்பது அடுத்த ஆசை. 656 நானோமீட்டர் சிவப்பில் விளிம்புச் சுவாலைகள் எழுவதைப் பார்த்தவர்களுக்கு வெள்ளொளிச் சூரியன் சப்பென்றுதான் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் நல்ல கருவி லட்சத்தைத் தொடும். தனக்கென்று தொலைநோக்கிகூட இல்லாத தொடக்கநிலையாளர் கடன் வாங்கி அதில் இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பள்ளியோ கல்லூரியோ ஒன்று வாங்கி வைத்தால் பலருக்குப் பயன்படும்.

வாங்குவதோ எடுப்பதோ, தள்ளிப்போடக் கூடாததற்குக் காரணம் சூரியனிடமே இருக்கிறது. 2024 மே மாதம் லடாக்கின் ஹான்லே வானத்தைத் துருவ ஒளியால் சிவக்கவைத்த கரும்புள்ளிக் கூட்டம், கிரகணக் கண்ணாடி போட்ட வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் சூரியனின் 25ஆம் கரும்புள்ளிச் சுழற்சி உச்சக் கட்டத்தை எட்டிவிட்டதாக நாசா அறிவித்தது, இனி இறங்குமுகம். மதுரை, காரைக்குடி, வேதாரண்யம் பக்கம் அடுத்த கங்கண கிரகணம் 2031 மே 21 அன்று. அதற்காக இப்போதே கேமராவைத் துடைத்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த நேரத்தில் சூரியன் குறைந்த கட்டத்தையொட்டி இருக்கும், வட்டில் புள்ளி இல்லாத நாட்களே அதிகம் இருக்கும். கரும்புள்ளியைப் பிடித்துப் பழக நினைப்பவர் கிரகணம்வரை காத்திருக்காமல் இந்த ஓரிரு ஆண்டுகளிலேயே ஆரம்பித்துவிட வேண்டும், கையோடு ஒரு நோட்டும் வைத்துக்கொண்டு.