நடையைப் பார்
மார்கழியில் கோடியக்கரைக்குப் போகிறவர்கள் பூநாரையைத்தான் கேட்பார்கள். எனக்கென்னவோ அதற்குப் புகழ் கொஞ்சம் அதிகம். நல்ல வழிகாட்டி அதைக் காட்டிவிட்டு, வெயில் நம் முதுகில் விழும்படி நிறுத்தி, சேற்றுப் பக்கம் கைநீட்டுவார். அங்கே தையல் மெஷின் ஊசிபோல விறுவிறுவென்று மேல்சேற்றைக் கொத்துவது கொசு உள்ளான். எடை சுமார் 25 கிராம். குஞ்சு பொரிப்பதோ வடதுருவத்தை ஒட்டிய டன்ட்ராவில். அருகே, வளைந்த அலகைத் தண்ணீருக்குள் ஆழ இறக்கித் துழாவுவது வளைமூக்கு உள்ளான். குளிர்காலத்தில் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே சாம்பல் சட்டை. “நிறத்தை விடுங்க சார், மேயிறதைப் பாருங்க” என்பார். ஏதாவதொன்றின் காலில் வளையம் மின்னினால் மட்டும் அவருக்கே பரபரப்பு: பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாக இங்கே பறவைகளுக்கு வளையமிட்டு வருகிறது.