புழுதியை அமர்த்தும் நீர்

திறந்தவெளிச் சுரங்கத்தின் மண்பாதையில் புழுதியை அடக்குவது தண்ணீர் லாரி. பின்புறக் குழாயின் துளைகளிலிருந்து நீர் விசிறியாக விரிய, சரசரவென்ற ஓசையோடு வெளிறிய மண் கருத்து, மணம் எழுப்பி அடங்குகிறது. கைப்பக்குவமெல்லாம் அளவில்தான். குறைந்தால் வெயில் உடனே குடித்துவிடும். கூடினால் பாதை சேறாகி டிப்பரின் சக்கரம் வழுக்கும். ஓட்டுநர் வேகத்தைக் கூட்டிக் குறைத்தே அதைச் சரிக்கட்டுகிறார்.

நெய்வேலியில் நடப்பதுபோல் பழுப்பு நிலக்கரி ஒரு கன்வேயர் பட்டையிலிருந்து இன்னொன்றில் விழும் இடங்களில் வேலை இன்னும் நுணுக்கமானது. அங்கே மூடுபனிபோன்ற துளிகள் வேண்டும். துளி பெரிதானால் அதைச் சுற்றி வளையும் காற்றோடு தூசியும் நழுவிவிடும். தன்னையொத்த சிறு துளியில்தான் தூசி மோதி, ஒட்டி, கனத்து இறங்குகிறது. இந்தத் தூசியில் நுரையீரலின் ஆழம்வரை செல்லும் துகள்கள் தனித்தனியே கண்ணுக்குத் தெரிவதில்லை. அவற்றை வடிகட்டித் தாளில் பிடித்து எடைபோட்டு அளக்கிறார்கள்.