கழித்தலில் எஞ்சியவர்கள்

மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பும் இரண்டு குருக்களும் 2011 ஜனவரியில், இலங்கை அரசு அமைத்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவிடம் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அதை ஒரு பிரதியாக யாரும் வாசிப்பதில்லை, வாசிக்கலாம். அதன் மையம் ஒரு கழித்தல் கணக்கு. 2008 அக்டோபர் தொடக்கத்தில் கச்சேரிப் பதிவுகளின்படி முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டங்களில் இருந்தவர்கள் 4,29,059. 2009 ஜூலை 10 வரை அரசுக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்ததாக ஐ.நா. சொன்னது 2,82,380. மிச்சம் 1,46,679. இவர்களுக்கு என்ன ஆயிற்று?

சாஃப்ட்வேர் வேலையில் இரண்டு டேபிளை ஒப்பிட்டு, விடுபட்ட ரெக்கார்டுகளைத் தேடுவோம். கிடைக்கவில்லை என்றால் அழிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. யாரிடம் போய்க் கேட்க வேண்டும் என்பது மட்டும் தெரியும்.

கத்தோலிக்க அறநெறிக்குப் போரைப் பற்றிப் பேச வேறொரு பழைய வழி உண்டு. போர் தொடுக்கும் அதிகாரம் யாருக்கு, காரணம் நியாயமா, நோக்கம் சரியா என்று தாமஸ் அக்குவினாஸ் கேட்டார். இலங்கையில் அதற்கான பதில் கதையை எந்த வருஷத்தில் ஆரம்பிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. 1956 தனிச்சிங்களச் சட்டத்தில் ஆரம்பித்தால் ஒரு குற்றவாளி, 1976 வட்டுக்கோட்டைத் தீர்மானத்தில் ஆரம்பித்தால் இன்னொருவர். 1983 ஜூலை 23, திருநெல்வேலியில் 13 சிப்பாய்கள் கொல்லப்பட்டதில் ஆரம்பிப்பது கொழும்புக்கு வசதி. அதைத் தொடர்ந்த படுகொலைகளில் ஆரம்பிப்பது நமக்கு வசதி. சிங்களவரும் தமிழரும் சேர்ந்தே இருக்கும் திருச்சபை இதில் ஒரே குரலில் பேச முடியாமல் திணறியதில் ஆச்சரியமில்லை.

ஆயரின் கணக்கு இந்தச் சண்டைக்குள் போவதே இல்லை. யார் ஆரம்பித்திருந்தாலும், மண் யாருடையதாக இருந்தாலும், கழித்தலின் விடை மாறாது. (நெய்வேலியில் சுரங்கத்துக்குப் போன நிலத்தை ஏக்கரில்தான் பேசுவோம். எழுந்துபோனவர்களைப் பற்றிய பேச்சு குறைவு.)

அந்த எண்ணுக்கு எல்லையும் உண்டு. தப்பி ஓடிய மக்களைப் புலிகள் சுட்டதை 2011 ஐ.நா. நிபுணர் குழு பதிவு செய்தது. அந்தப் பங்கை ஒரு கழித்தலால் பிரித்துக் காட்ட முடியாது. 1990 அக்டோபரில் புலிகள் வடக்கிலிருந்து விரட்டிய முஸ்லிம்களில் மன்னார்க்காரர்களும் உண்டு. அவர்கள் இந்தக் கணக்குக்கு முன்பே காணாமல் போய்விட்டார்கள்.

பெரிய கோளாறு வாசித்த நம்மிடம்தான். தமிழ்நாட்டு மேடைகளில் 1,46,679 என்பது ‘கொல்லப்பட்டவர்கள்’ ஆகிவிட்டது. எண் மட்டும் மிஞ்சியது, கேள்விக்குறி போய்விட்டது. வன்னியில் இருப்பதே 70,000 பேர்தான் என்று 2009 தொடக்கத்தில் சொன்ன அரசும் அந்தக் கேள்விக்குறியைத்தான் அழிக்கப் பார்த்தது. அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப் 2009 மே 18 அன்று வட்டுவாகலில் சரணடைந்தவர்களோடு ராணுவத்திடம் போனார், அதன் பிறகு யாரும் அவரைப் பார்க்கவில்லை. அன்று சரணடைந்தவர்களின் குடும்பங்கள் வவுனியாவில் போட்ட ஆட்கொணர்வு மனுக்கள், அவர்களைக் கொண்டுவந்து நிறுத்து என்கின்றன.