சாரா பியோர்க்: பதக்கங்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால்

2020 ஆகஸ்ட் 30. ஸ்பெயினின் சான் செபாஸ்டியன் நகரில் மகளிர் சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம். கொரோனா காலம் என்பதால் மைதானத்தில் பார்வையாளர்கள் கிடையாது. லியோன் 2–1 என்று முன்னிலையில் இருக்க, வோல்ஃப்ஸ்பூர்க் விடாமல் நெருக்கிக்கொண்டிருக்கிறது. 88ஆவது நிமிடத்தில் லியோனின் யூஜெனி லெ சோமர் கோலை நோக்கி ஒரு பந்தை அடிக்கிறார். அது போகிற வழியில், கோலுக்கு வெகு அருகே நின்ற சக வீராங்கனை ஒருவர் அதை லேசாகத் திசைமாற்றி விடுகிறார். 3–1. ஆட்டம் அத்தோடு முடிந்தது. திசைமாற்றியவர் சாரா பியோர்க் குன்னர்ஸ்டோட்டிர். அதே பருவத்தில் வோல்ஃப்ஸ்பூர்க்கின் சட்டையோடு ஜெர்மன் லீக்கை வென்றுவிட்டு, லியோனுக்கு வந்து சில வாரங்களே ஆகியிருந்தன.

சாம்பியன்ஸ் லீக்கை வென்ற முதல் ஐஸ்லாந்துப் பெண் என்ற பெயர் அன்று அவருக்குக் கிடைத்தது. அந்த ஆண்டின் சிறந்த விளையாட்டு வீரர் விருதையும் ஐஸ்லாந்து அவருக்கே கொடுத்தது. 2018இல் ஒருமுறை கொடுத்திருந்தார்கள், இது இரண்டாம் முறை. நான்கு லட்சம் பேர்கூட இல்லாத நாட்டில் அப்படிக் கொண்டாடுவது இயல்பு. ஆனால் கொண்டாடுகிறவர்கள் எடைபோட மாட்டார்கள். தன் தலைமுறையின் பெரிய கால்பந்து வீராங்கனைகளுள் சாரா ஒருவரா, அல்லது பெரிய அணிகளில் இடம்பிடிக்கத் தெரிந்த நல்ல வீராங்கனையா என்ற கேள்வி இன்னும் சரியாகக் கேட்கப்படவே இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

பதக்கப் பட்டியலை முதலில் பார்த்துவிடுவோம். ஸ்வீடனில் மால்மோ கிளப்புக்கு (பிறகு அதன் பெயர் ரோசெங்கார்ட்) 2011 முதல் 2016 வரை ஆடினார். நான்கு லீக் பட்டங்கள். 2016 முதல் 2020 வரை வோல்ஃப்ஸ்பூர்க். நான்கு பருவம், நான்கு லீக் பட்டம். பிறகு லியோன், அங்கே ஐரோப்பியக் கோப்பை. அதன்பின் யுவென்டஸ், 2023இல் இத்தாலியக் கோப்பை. பார்த்ததும் மலைக்க வைக்கிற பட்டியல்தான்.

ஆனால் மகளிர் கால்பந்தில் அந்தப் பத்தாண்டின் நிலவரம் தெரிந்தவர்கள் இந்தப் பட்டியலில் பாதியைத் தள்ளுபடி செய்துவிட்டுத்தான் பேசுவார்கள். பணமும் ஆட்களும் நாட்டுக்கு ஓரிரு கிளப்புகளிடமே குவிந்திருந்தன. ரோசெங்கார்டில் மார்ட்டா இருந்தார், அன்யா மிட்டாக் இருந்தார், ரமோனா பாக்மன் இருந்தார். வோல்ஃப்ஸ்பூர்க்கில் பெர்னில் ஹார்டர், அலெக்சாண்ட்ரா போப். லியோனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சாரா போய்ச் சேர்வதற்கு முன்பே தொடர்ந்து நான்கு முறை ஐரோப்பாவை வென்ற அணி அது. இப்படிப்பட்ட கிளப்பில் கையெழுத்திட்டாலே பதக்கத்தில் பாதி தூரம் வந்தாயிற்று.

ஆகவே பதக்கத்தைக் கழித்துவிட்டு ஆட்டத்தைப் பார்ப்போம். நடுக்களத்தில் ஒரு பெனால்டிப் பெட்டியிலிருந்து மறு பெட்டிவரை ஓடுகிறவர் அவர். எதிராளியின் காலிலிருந்து பந்தைப் பறிப்பார். உயரப் பந்துகளைத் தலையால் வெல்வார். பந்தைப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்துவிட்டு, யாரும் கவனிக்காதபோது எதிரணிப் பெட்டிக்குள் தாமதமாக நுழைவார். இந்தக் கடைசி வேலைதான் அவருடைய தனிச்சொத்து. முன்கூட்டியே பெட்டிக்குள் நிற்கிற முன்கள வீராங்கனைக்குக் காவலுக்கு ஆள் இருக்கும். பின்னாலிருந்து ஓடி வருகிறவரை யார் பிடிப்பது என்று பின்களத்தார் முடிவு செய்வதற்குள் பந்து உள்ளே போயிருக்கும்.

சான் செபாஸ்டியன் கோலையும் அப்படித்தான் படிக்க வேண்டும். அதில் அழகு ஒன்றும் இல்லை. தொட்டது ஒரே ஒரு தொடல். ஆனால் 88ஆவது நிமிடத்தில், முன்னிலையில் இருக்கிற அணியின் நடுக்கள வீராங்கனை பின்னால் நின்று காவல் காத்தால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. கால் ஓய்ந்துபோன அந்த நேரத்தில் கோலுக்கு நேரே அவ்வளவு தூரம் முன்னேறி நின்றாரே, அதுதான் திறமை. ஸ்கோர் விவரத்தில் அது ஏறாது.

குறையும் இதே இடத்தில்தான் இருக்கிறது. ஆட்டத்தைத் தன் காலடியில் வைத்து நடத்துகிறவர் அல்லர் அவர். முப்பது அடி தள்ளி ஓடுகிற ஒருத்திக்குப் பின்களத்தைப் பிளந்து பந்து போடும் கண் அவருக்கு இருந்ததில்லை. லியோனின் ஜெனிஃபர் மரோசானைப் போல ஒரு பாஸால் ஆட்டத்தின் போக்கையே மாற்றியதில்லை. ஹார்டரைப் போல இரண்டு பேரைத் தாண்டிப்போய் அடித்ததும் இல்லை. அவர் பக்கத்தில் அப்படி ஒருவர் இருக்கும்போது மட்டும் அவர் இருமடங்கு ஆகிவிடுவார். ஹார்டர் தைரியமாக மேலே போக முடிந்ததற்கு, பின்னால் விழுகிற ஓட்டையை அடைக்கச் சாரா இருந்தார் என்பதும் ஒரு காரணம்.

2018 மே மாதம் கீவில் நடந்த இறுதியாட்டத்தை இதற்குச் சாட்சியாக அழைக்கிறவர்கள் உண்டு. இதே லியோனுக்கு எதிராக வோல்ஃப்ஸ்பூர்க் ஆடியது. இரண்டாம் பாதியின் தொடக்கத்திலேயே குதிகால் தசைநாண் காயத்தால் சாரா வெளியேறினார். 90 நிமிடம் முடியும்வரை கோல் இல்லை. கூடுதல் நேரத்தில் ஹார்டர் முதல் கோலைப் போட்டார். உடனே போப் சிவப்பு அட்டை வாங்கினார். அதன்பின் லியோன் வரிசையாக நான்கு அடித்து 4–1 என்று கோப்பையை எடுத்துக்கொண்டு போனது. சாரா களத்தில் இருந்திருந்தால் நடுக்களம் அப்படிச் சரிந்திருக்காது என்பது வாதம். எனக்கு இதில் அரை மனதுதான். பத்துப் பேரோடு லியோனைத் தாங்குவது யாராலும் ஆகாத காரியம். சிவப்பு அட்டையின் கணக்கைச் சாராவின் வரவில் எழுதக்கூடாது. ஆனால் அவர் இல்லாமலே அரைமணி நேரத்துக்கு மேல் அந்த அணி கோல் விடாமல் நின்றது என்பதை அதே வாதக்காரர்கள் சொல்வதே இல்லை.

இனி ஐஸ்லாந்துச் சட்டை. எடைபோடுவதில் கடினமான பகுதி இதுதான்.

ரேக்யாவிக்கை ஒட்டிய ஹாஃப்னார்ஃபியோர்டூர் ஊர்க்காரர். உள்ளூர் கிளப்பான ஹௌகாருக்கு ஆடிக்கொண்டிருந்த 16 வயதிலேயே, 2007இல், தேசிய அணிக்கு வந்துவிட்டார். 2023 ஜனவரியில் ஓய்வை அறிவித்தபோது 145 ஆட்டங்கள், 24 கோல்கள். அன்றைக்கு ஐஸ்லாந்து மகளிரில் அதிக ஆட்டம் ஆடியவர் அவர்தான். 2009, 2013, 2017, 2022 என்று நான்கு ஐரோப்பியப் போட்டிகள். உலகக் கோப்பை ஒன்றுகூட இல்லை.

இரண்டு முறை அது கைக்கெட்டும் தூரத்தில் வந்தது. முதலாவது, 2019 உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்று. 2017 அக்டோபரில் ஜெர்மனியை அதன் சொந்த மண்ணிலேயே, வீஸ்பாடனில், 3–2 என்று ஐஸ்லாந்து தோற்கடித்தது. சாரா வழிநடத்திய காலத்து வெற்றிகளில் இதைவிடப் பெரியது இல்லை. மறு ஆண்டு செப்டம்பரில் ஜெர்மனி ரேக்யாவிக்குக்கு வந்து 2–0 என்று திருப்பிக் கொடுத்தது. மூன்று நாள் கழித்துச் செக் அணியோடு அதே மைதானத்தில் கடைசி ஆட்டம். தொடக்கத்திலேயே ஒரு கோல் வாங்கிய ஐஸ்லாந்து நெடுநேரம் திணறியது; 87ஆவது நிமிடத்தில் க்ளோடிஸ் பெர்லா சமன் செய்தார். பிறகு காயநேரத்தில் ஐஸ்லாந்துக்கு ஒரு பெனால்டி. பந்தை எடுத்து வைத்தவர் கேப்டன் சாரா. கோல்கீப்பர் தடுத்துவிட்டார். 1–1, உலகக் கோப்பைக் கனவு அங்கேயே முடிந்தது.

பெனால்டி தவறுவது யாருக்கும் நேரும். அதை வைத்து ஒருவரின் மொத்த ஆட்டவாழ்க்கையையும் அளப்பது தெருமுனைத் தீர்ப்பு. நான் கவலைப்படுவது அதற்கு முந்தைய 90 நிமிடத்தைப் பற்றி. வீட்டு மைதானத்தில், வென்றே தீர வேண்டிய நாளில், தன்னைவிட எந்த வகையிலும் மேலான அணியல்லாத ஒன்றைத் திறக்க வழி தெரியாமல் ஐஸ்லாந்து நின்றது. பூட்டைத் திறக்கும் வேலை நடுக்களத்தில் இருக்கிறவருடையது. ஹார்டர் பக்கத்தில் இல்லாத சாரா அன்று ஓடினார், மோதினார், பந்தைப் பறித்தார். திறக்க மட்டும் முடியவில்லை.

இரண்டாவது வாய்ப்பு 2022 செப்டம்பரில். உட்ரெக்ட் நகரில் நெதர்லாந்தோடு சமன் செய்தாலே போதும், நேரே உலகக் கோப்பை. 93ஆவது நிமிடம்வரை 0–0. அப்போது நெதர்லாந்தின் எஸ்மீ ப்ருக்ட்ஸ் அடித்த பந்து உள்ளே போயிற்று. அடுத்த மாதம் போர்ச்சுகலில் பிளேஆஃப். நடுவே ஒரு சிவப்பு அட்டை, கூடுதல் நேரம், 4–1 தோல்வி. தேசிய அணிக்கு அவர் ஆடிய கடைசி ஆட்டமும் அதுவே.

ஓர் அணியின் தோல்விக்கு ஒருவரை மட்டும் பொறுப்பாக்குவது நியாயமில்லை, அதுவும் இவ்வளவு சிறிய நாட்டில். ஆனால் ஒப்பிட ஒருவர் இருக்கிறாரே: மார்க்ரேட் லாரா விடார்ஸ்டோட்டிர். 124 ஆட்டங்களில் 79 கோல்கள். 2013 ஐரோப்பியப் போட்டியில் நார்வேக்கு எதிராக ஐஸ்லாந்து தன் முதல் புள்ளியைப் பெற்றதும் ஆட்டம் முடிகிற தறுவாயில் அவர் அடித்த பெனால்டியால்தான். தீராத கால்வலியோடு மல்லுக்கட்டியே அவருடைய நல்ல ஆண்டுகள் போயின. அதனால் அவருடைய கிளப் பட்டியல் சாராவினுடையதற்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் பலவீனமான அணிக்குத் தனி ஆளாக ஆட்டத்தை வென்று கொடுக்க முடிந்தவர் மார்க்ரேட் லாரா. சாரா செய்தது வேறு. பலமான அணியை மேலும் பலமாக்கினார். பலமில்லாத அணியைப் பலமாக்க அவரால் முடியவில்லை. இது சிறிய குறை இல்லை. அவரை உலகின் முதல் வரிசையிலிருந்து இரண்டாம் வரிசைக்குத் தள்ளுவதே இதுதான். அந்த இரண்டாம் வரிசையின் தொடக்கத்தில் அவர் நிற்கிறார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அடுத்து, எல்லோருக்கும் தெரிந்த வழக்கு. 2021இல் லியோனில் இருந்தபோது கர்ப்பமானார். கிளப்பின் சம்மதத்தோடு ஐஸ்லாந்து போனார். சம்பளம் வரவேண்டிய நாளில் வரவில்லை. வந்தது ஒரு சிறு பகுதிதான். நவம்பரில் மகன் பிறந்தான். ஃபிஃப்ப்ரோ என்ற வீரர்கள் சங்கத்தின் துணையோடு அவர் ஃபிஃபா தீர்ப்பாயத்துக்குப் போனார். ஃபிஃபாவுக்குப் போனால் லியோனில் அவருக்கு எதிர்காலம் இல்லை என்று கிளப் தரப்பில் சொல்லப்பட்டதாக அவர் பின்னர் எழுதினார். பிரெஞ்சுச் சட்டப்படியே நடந்துகொண்டோம் என்பது கிளப்பின் பதில். 2022 மே மாதம் தீர்ப்பு சாராவுக்குச் சாதகமாக வந்தது: 82,000 யூரோவுக்கு மேல் பாக்கி, அதோடு வட்டி.

இந்தத் தீர்ப்பை அவருடைய ஆட்டத்தோடு கூட்டிப் போடுகிறவர்களோடுதான் எனக்குச் சண்டை. பிரசவ விடுப்பு 14 வாரம், குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு சம்பளம் என்ற விதியை ஃபிஃபா 2021 ஜனவரியிலேயே கொண்டுவந்துவிட்டது. சாரா புதிய விதியை உண்டாக்கவில்லை. காகிதத்தில் இருந்ததைக் கறாராக வசூலித்துக் காட்டினார். வீராங்கனைகளுக்கு இது விதியைவிடப் பெரிய உதவி. ஆனால் இதற்காக அவரை நல்ல நடுக்கள வீராங்கனை என்று சொல்வதும் தவறு, இது இருப்பதால் உட்ரெக்டையும் செக் ஆட்டத்தையும் மறந்துவிடுவதும் தவறு. இரண்டும் வேறு வேறு பேரேடுகள்.

ஒன்றே ஒன்றில் இரண்டும் தொடுகின்றன. லியோன் போன்ற கிளப்பை எதிர்த்து நிற்க முடிந்தது, அவர் அதற்குள் இரண்டு நாட்டு லீக்குகளையும் ஐரோப்பாவையும் வென்றிருந்ததால். வேறு கிளப் அவரை எடுத்துக்கொள்ளும் என்று தெரியும். யுவென்டஸ் எடுத்துக்கொள்ளவும் செய்தது. ஆண்டு ஒப்பந்தத்தில் சின்னக் கிளப்பில் ஆடுகிற இருபது வயதுப் பெண் வாயைத் திறந்திருக்க மாட்டாள். நாம் மேலே தள்ளுபடி செய்த பதக்கங்கள் இந்த ஓரிடத்தில் முழு மதிப்புக்குச் செல்லுபடியாகின்றன.

மகன் பிறந்து எட்டு மாதத்தில், 2022 ஐரோப்பியப் போட்டியில் கேப்டனாக நின்றார். பெல்ஜியம், இத்தாலி, பிரான்ஸ் மூன்றோடும் 1–1. தோற்காமலே ஐஸ்லாந்து வெளியேறியது. பாராட்டாதவர் இல்லை. ஆனால் களத்தில் பழைய சாரா இல்லை. பின்னாலிருந்து பெட்டிக்குள் ஓடிவருகிற அந்த ஓட்டம் வருவதற்கு ஒரு கணம் பிந்தியது. அந்த ஒரு கணத்தில்தான் அவருடைய ஆட்டமே இருந்தது. இதைச் சொல்வது தாய்மையைக் குறைகூறுவதாகாது. 31 வயதில் பெரிய காயத்திலிருந்து திரும்பிய எந்த ஆண் வீரரைப் பற்றியும் தயங்காமல் எழுதுவோம். இவரைப் பற்றி எழுதத் தயங்கினால் அதுதான் அவமரியாதை.

2024இல் அவர் சவூதியின் அல் காதிசியா கிளப்புக்குப் போனார். உழைப்புரிமைக்காக வழக்காடியவர் அங்கே போகலாமா என்று கேட்டவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதுதான். ஆனால் அது கேட்கப்பட வேண்டிய இடம் மூன்றாம் பேரேடு. ஆட்டத்தின் மதிப்பீட்டில் அதற்கு வரியில்லை.

ஐஸ்லாந்து மகளிரின் எக்காலத்துக்குமான பதினொருவரை எழுதச் சொன்னால், முதலில் எழுதுவது மார்க்ரேட் லாராவின் பெயரை. இரண்டாவதாக, யோசிக்காமல், சாரா. ஆனால் இந்தப் பதினொருவரும் ஹார்டர், மரோசான் போன்ற இருவரைக் கூட்டிக்கொண்டு ஆடலாம் என்று யாராவது விதியைத் தளர்த்தினால், வரிசையை மாற்றி எழுதிவிடுவேன்.