‘பழி’யும் ‘நியாய’மும்: விவிலியத் தமிழாக்கங்களில் ஒரு சொல்லின் பிளவு

அநீதிக்கு ஆளானவர் இறைவனது நீதியை எண்ணி ஆறுதல் பெறுவது பல சமயங்களுக்கும் பொதுவானது. ‘அரசன் அன்று கொல்லும், தெய்வம் நின்று கொல்லும்’ என்னும் பழமொழியில் ‘நின்று’ என்ற வினையெச்சமே அவ்வாறுதலின் பாரம் முழுவதையும் தாங்குகிறது; காலத்தாழ்வையும் தவறாமையையும் அது ஒருங்கே உணர்த்துகிறது. ஆயினும் ஆறுதல் எதில் உள்ளது? தீங்கு செய்தவன் அழிவதிலா, தீங்குற்றவனின் வழக்கு கேட்கப்படுவதிலா? பழமொழி முன்னதையே கூறுகிறது. விவிலியத் தமிழாக்கங்களிலோ இவ்விரு விடைகளும் ஒரே மூலச்சொல்லின் பெயர்ப்புகளாக நிற்கின்றன.

புதிய ஏற்பாட்டில் வரும் ‘எக்டிக்கெயோ’ என்னும் கிரேக்க வினை, நீதி எனப் பொருள்படும் ‘டிக்கே’ என்பதன் அடியாகப் பிறந்தது. லூக்கா 18ஆம் அதிகாரத்தில் நேர்மையற்ற நடுவனிடம் ஓயாது முறையிடும் கைம்பெண் இவ்வினையையே ஆளுகிறாள். ரோமர் 12:19இல், தீங்குக்குத் தாமே ஈடு தீர்த்துக்கொள்வதை விலக்கும் அறிவுரையிலும் இதே வினை வருகிறது. அதனைத் தொடரும் இறைவாக்கில் இதன் பெயர் வடிவம் உள்ளது. ஹென்றி பவர் குழுவினரின் திருத்தத்தை (1871) அடியொற்றிச் சீர்திருத்தச் சபைகளில் இன்றும் வழங்கும் பழைய மொழிபெயர்ப்பு, கைம்பெண்ணின் வாயில் ‘நியாயஞ்செய்’ என்றும் ரோமரில் ‘பழிவாங்கு’ என்றும் பெயர்க்கிறது. 1995இல் வெளிவந்த திருவிவிலியமும் முறையே ‘நீதி வழங்கு’, ‘பழிவாங்கு’ எனக் கொண்டு அப்பிளவைக் காக்கிறது.

ஒரு மூலச்சொல்லுக்கு ஒரு பெயர்ப்பு என்ற கொள்கையுடையோர் இதனைக் குறையெனவே கருதுவர். ‘நியாயம்’ என்பதையே ஈரிடத்தும் ஆண்டிருந்தால் இறைவன் பழிவாங்குபவன் என்ற கடுமையான படிமம் நீங்கியிருக்கும் என்பது அவர்தம் வாதம். இவ்வாதத்தை அநீதிக்கு உள்ளான வாசகரிடையே வைத்துப் பார்த்தல் வேண்டும்.

மும்பையில் செம்பூரை அடுத்த டிராம்பேயில் இருந்த ஜனதா காலனியின் வரலாறு இங்கு நினைக்கத்தக்கது. அக்குடியிருப்பை அகற்றும் முயற்சியை எதிர்த்து, கோலார் தங்கவயலிலிருந்து வந்த தமிழரான ஜாக்கின் அற்புதம் (1947–2018) முன்னின்று போராடினார். மக்கள் நீதிமன்றத்தையும் நாடினர். எனினும் நெருக்கடிநிலைக் காலத்தில், 1976 மே மாதத்தில், குடியிருப்பு இடிக்கப்பட்டது. மக்கள் சீத்தா கேம்புக்கு மாற்றப்பட்டனர். இத்தகைய வாசகரிடம் ரோமர் பகுதி ‘நியாயம்’ என்ற சொல்லோடு சென்றால் என்ன நேரும்? தமிழ்ப் பேச்சுவழக்கில் ‘நியாயம்’ வழக்கையும் பஞ்சாயத்தையும் உரிமையையும் ஒருசேரத் தழுவுவது. ‘நியாயம் கேட்கப் போனான்’ என்பது இயல்பான தொடர். தமக்குத் தாமே நியாயம் தேடுவதை விலக்கும் வாக்கியமாக அப்பகுதி அமையுமாயின், வீடிழந்தவர் நீதிமன்றப் படியேறுவதும் குற்றமாகிவிடும். லூக்காவின் கைம்பெண் போற்றப்படுவது எதற்காகவோ, அதுவே ரோமரில் விலக்கப்படும். மொழிபெயர்ப்பாளர்கள் சொல்லைப் பிளந்ததனால்தான் இம்முரண் தவிர்க்கப்பட்டது.

இவ்வேறுபாடு தமிழுக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தில் அரசவையில் கண்ணகி முறையிடும் பகுதி வழக்குரை காதை. அதனையடுத்தது வஞ்சின மாலை. முறையீடும் பழியும் இருவேறு தலைப்புகளின்கீழ் வைக்கப்பட்டிருப்பது கருதத்தக்கது.

ஆயினும் இப்பிளவுக்குக் கொடுக்கப்பட்ட விலை சிறிதன்று. விலக்கில் ‘பழிவாங்கு’ பொருந்துகிறது; அதனைத் தொடரும் வாக்குறுதியில் பொருந்துவது ஐயத்திற்குரியது. மனிதரிடமிருந்து எதனைப் பெற்றுக்கொள்வதாக இறைவன் கூறுகிறானோ அதே சொல் மீண்டும் வந்தால்தான் கையளிப்பு விளங்கும். எனவே மொழிபெயர்ப்பாளர் கட்டுண்டவரே. ஆனால் ‘டிக்கே’யின் சாயல் அங்கு முற்றிலும் மறைந்து, ஆறுதல் எதிரியின் கேடாகச் சுருங்குகிறது. திருவிவிலியம் இதனோடு சேர்த்து ஆளும் ‘கைம்மாறு’ என்ற சொல்லும் உதவவில்லை. நன்றிக்கு ஈடாகச் செய்யப்படும் உதவி என்னும் பொருளே தமிழ் வாசகர் மனத்தில் அதற்கு முந்தி நிற்கிறது. லூக்கா 18ஐச் சுட்டும் ஓர் அடிக்குறிப்பு இவ்விடத்தில் பெரிதும் பயன்படும்.

பழைய மொழிபெயர்ப்பு மூன்றாம் வழியொன்றையும் முயன்றுள்ளது. சங்கீதம் 94இன் தொடக்கத்தில் வரும், பழிதீர்த்தலைக் குறிக்கும் எபிரேயச் சொல்லுக்கு அது ‘நீதியைச் சரிக்கட்டு’ என்ற தொடரை ஆள்கிறது. கணக்கைச் சமன்செய்தல் என்னும் பொருளில் இது சிறந்த தேர்வே. பழியின் வெறியும் இல்லை, நியாயத்தின் வெறுமையான பொதுமையும் இல்லை. குறைந்தது நிரப்பப்படும் என்ற உறுதி மட்டும் உள்ளது. மூன்றனுள் மூலத்தின் இருபொருளையும் ஓரளவு ஏந்துவது இதுவே எனலாம். காலம்தான் இச்சொல்லைக் கெடுத்துவிட்டது. இழப்பைச் சரிக்கட்டுதல் என்ற வழக்கு எஞ்சியிருப்பினும், ஆட்பெயரோடு வரும்போது கையூட்டாலோ நயத்தாலோ ஒருவரை இணங்கவைத்தல் என்ற பொருளே இன்று முந்துகிறது. அச்சங்கீதம் சபையில் உரக்க வாசிக்கப்படுகையில், இடிக்கப்பட்ட வீட்டுக்கு நியாயம் கேட்டு அலைந்த ஒருவர் காதில் விழுவது, அதிகாரியைச் சரிக்கட்டியவனின் வினைச்சொல்.